முதலில் பேக்கப், அப்புறம் விண்டோஸ் 11

கேள்வி: வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்த்துப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். 2019-இல் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்னுடையது. இன்டெல் கோர் ஐ5-8400, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. அம்மாவிடம் 2014-இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், அதிலும் விண்டோஸ் 10தான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அடிக்கடி அறிவிப்பு வருகிறது. இதுவரை நான் எதுவும் செய்யவில்லை. என் கணினியைச் சோதித்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. தம்பி ‘அதையெல்லாம் தாண்டி ஏற்றித் தருகிறேன்’ என்கிறான். கூட வேலை பார்க்கும் தோழி ‘நன்றாக ஓடுகிற கணினியைத் தொடாதே’ என்கிறார். முன்பு வேறொரு கணினியில் விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாறியபோது ஸ்கேனர் மூன்று நாள் படுத்துவிட்டது. ஒரு வேலை கையைவிட்டே போனது. இப்போதும் அதே ஸ்கேனர்தான். இன்னும் 3 வாரத்தில் ஒரு பெரிய புத்தகத்தை முடித்துத் தர வேண்டும். மாறலாமா, வேண்டாமா?

பதில்: வணக்கம். கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். 3 வாரத்தில் புத்தகம் தர வேண்டும் என்றால், அதை அனுப்பி முடிக்கும்வரை இயங்குதளத்தை மாற்றாதீர்கள். அந்த அறிவிப்பு ஒரு நாளைக்கு நாலு தடவை வந்தாலும் சரி, தம்பி ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தாலும் சரி. கெடுவுக்கு முன்னால் கணினியின் அடித்தளத்தை மாற்றியவர்கள் பட்ட பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்த அனுபவம் ஒருமுறை ஆகிவிட்டது, இன்னொரு முறை வேண்டாம்.

ஆனால் ‘இப்போது மாற வேண்டாம்’ என்று நான் சொல்வதை ‘எதுவுமே செய்ய வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஏன் அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நின்ற மறுநாள் உங்கள் கணினி எப்படி ஓடியதோ அப்படியேதான் இன்றும் ஓடுகிறது. அதனால்தான் பலருக்கு இதன் ஆபத்து உறைப்பதில்லை. உள்ளே நடப்பது இதுதான்: விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் அடியில் இருக்கும் நிரலில் பெரும்பகுதி பொது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 11-இல் ஒரு ஓட்டையை அடைத்ததும், அடைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு அந்த ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை உங்கள் விண்டோஸ் 10-இல் அடைபடாமல் கிடக்கும். மாதம் ஆக ஆக இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கணினிகள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. நடுவில் ஏறக்குறைய 2 மாதம் இருந்தது. திருத்தத்தைப் போட்டுக்கொண்ட கணினிகளில் அந்த வழி அடைபட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடியவை. அன்று விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் கையில் இருந்தது, போடத்தான் இல்லை. உங்களுக்கோ இப்போது திருத்தமே வருவதில்லை.

உங்கள் தோழி சொல்வதையும் நான் தள்ளிவிட மாட்டேன். நன்றாக ஓடுவதைத் தொடாதே என்பது வேலை செய்பவர்களின் சொந்த அனுபவத்தில் விளைந்த பேச்சு. இணையத்தோடு தொடர்பே இல்லாமல், ஒரே ஒரு கருவியை இயக்குவதற்காக மட்டும் நிற்கும் கணினி என்றால் நானும் அதையே சொல்வேன். நீங்கள் மின்னஞ்சலில் கோப்பு வாங்குகிறீர்கள், யார் யாரோ கொடுக்கும் பென் டிரைவைச் செருகுகிறீர்கள், வங்கிக் கணக்கையும் அதே கணினியில் திறக்கிறீர்கள். அதனால் அந்த அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? தனிநபர்கள் வைத்திருக்கும் விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்வதற்கான இணைப்பு தெரியும். கணினி 22எச்2 என்ற பதிப்பில் இருக்க வேண்டும், அதுவரை வந்த அப்டேட் எல்லாம் ஏறியிருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். பணம் கட்டியும் சேரலாம். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் பணம் இல்லாமலும் சேரலாம். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதால் அம்மாவின் லேப்டாப்பையும் சேர்த்துவிடுங்கள். புதிய வசதி எதுவும் இதில் வராது, ஓட்டைகளை அடைப்பதோடு சரி. இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியதும் அதுதான். சில நிமிட வேலை. புத்தகம் முடியும்வரை நிம்மதியாக மூச்சு விடலாம்.

இனி உங்கள் டெஸ்க்டாப். புத்தகத்தை அனுப்பிய பிறகு விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்பதே என் முடிவு. உங்கள் கணினி அதற்குத் தகுதியானது. ‘ஏறாது’ என்று வந்த செய்தி பாதிதான் உண்மை.

விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன இன்டெல் செயலி வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் ஐ5-8400 எட்டாம் தலைமுறை, அதனால் அந்த வாசலைத் தாண்டிவிட்டது. 4 ஜிபி ராம் போதும் என்று எழுதியிருப்பார்கள். வேலைக்கு 8 ஜிபியாவது வேண்டும், அதுவும் உங்களிடம் இருக்கிறது. இடிப்பது டிபிஎம் மட்டும். டிபிஎம் என்பது கணினியின் ரகசியச் சாவிகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் ஒரு பெட்டகம். சில கணினிகளில் அது தனிச் சில்லாக இருக்கும். உங்கள் காலத்து இன்டெல் கணினிகளில் செயலியோடு சேர்ந்த ஃபர்ம்வேரிலேயே, அதாவது வன்பொருளுக்குள் பதிந்த மென்பொருளிலேயே, அந்த வசதி உண்டு. அசெம்பிள் செய்த கணினிகளில் பல மதர்போர்டுகள் இதை அணைத்த நிலையில்தான் வந்தன. அணைத்து வைத்த விளக்கைப் பார்த்துவிட்டு விளக்கே இல்லை என்று அந்தச் சோதனை சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம்.

கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை விட்டு விட்டு அழுத்தினால் பயாஸ் திரை வரும்; விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம் அது. அதற்குள் ‘பிடிடி’ என்றோ ‘இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி’ என்றோ ஓர் அமைப்பு இருக்கும். ஏஎம்டி கணினியாக இருந்தால் ‘எஃப்டிபிஎம்’ என்று இருக்கும். அதை இயக்கிவிட்டுச் சேமித்து வெளியே வாருங்கள். மறுபடி சோதித்தால் டிபிஎம் பற்றிய புகார் போயிருக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பயாஸுக்குள் போனவர்கள் உற்சாகத்தில் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றையும் மாற்றிவிடுவார்கள்: கணினி விண்டோஸைத் தொடங்கும் முறையைப் பழைய ‘லெகசி’யிலிருந்து புதிய ‘யுஇஎஃப்ஐ’ ஆக்குவது. விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ வேண்டும் என்பது சரிதான். ஆனால் உங்கள் விண்டோஸ் 10 லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால், இதை மாற்றியதும் கணினி விண்டோஸைக் கண்டுபிடிக்க முடியாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். பதற வேண்டாம், திரும்பப் பழையபடி வைத்தால் சரியாகிவிடும். ஆகவே பயாஸுக்குள் போவதற்கு முன்பே விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்று இருந்தால் கவலையே இல்லை. லெகசி என்று இருந்தால் டிஸ்க்கின் பிரிவு அட்டவணையை, அதாவது எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை, முதலில் யுஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் அதை ஓட்டும்போது பக்கத்தில் அனுபவம் உள்ள ஒருவர் இருப்பது நல்லது. தம்பியின் உதவியை இதற்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயாஸில் எதையாவது தொடும் முன் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒருவர் தன் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார். பயாஸில் ஒரே ஓர் அமைப்பைத்தான் மாற்றியிருந்தார். அடுத்த முறை போட்டபோது நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தது அவருக்கே தெரியாது. லேப்டாப் வாங்கிய அன்று யாரோ அமைத்துக் கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் அந்தச் சாவி இருந்தது; கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. அதை மீட்கக் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணும் மாறிப் போயிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த 48 கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நல்லவேளை, பழைய அமைப்பைத் திரும்ப வைத்ததும் கணினி திறந்துகொண்டது. உங்கள் டெஸ்க்டாப்பில் டிபிஎம் அணைந்தே இருந்ததால் இந்தப் பூட்டு அனேகமாக இருக்காது. இருந்தாலும் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் என்று தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள். இருந்தால் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அப்புறம் பயாஸுக்குள் போங்கள்.

இப்போது பேக்கப். உங்கள் கடிதத்தில் செயலி பெயர் இருக்கிறது, ராம் அளவு இருக்கிறது, பேக்கப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இயங்குதளத்தை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நாளைக் காலை அந்தக் கணினி எழுந்திருக்கவில்லை என்றால் எதை இழப்பீர்கள்? பதில் ‘ஒன்றும் இல்லை, அரை நாள் போகும்’ என்றால் தாராளமாக மாறுங்கள். பதில் சொல்ல நாக்கு தடுமாறினால், மாறினாலும் மாறாவிட்டாலும் நீங்கள் ஆபத்தில்தான் இருக்கிறீர்கள். எஸ்எஸ்டி சாவதற்கு விண்டோஸ் 11 தேவையில்லை.

பேக்கப் இருக்கிறது என்று நம்புவது வேறு, இருப்பது வேறு. ஒருமுறை ஒருவர் ‘எல்லாவற்றையும் வெளி டிரைவில் எடுத்துவிட்டேன், கணினியை அழித்துப் புதிதாகப் போடுங்கள்’ என்றார். அழிக்கும் முன் அந்த டிரைவைத் திறந்து பார்த்தேன். டெஸ்க்டாப்பில் இருந்தவை அத்தனையும் பெயர் மாறாமல் இருந்தன. ஒரு கோப்பின் அளவைப் பார்த்தால் 2 கேபி. அடுத்ததும் 2 கேபி. ஒவ்வொரு ஐகானின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்பு. அவர் நகலெடுத்தது எல்லாம் ஷார்ட்கட். உண்மையான கோப்புகள் வேறொரு டிரைவில், அழிக்கச் சொன்ன கணினியிலேயே இருந்தன. பல வருட வேலை.

ஆகவே நீங்கள் பேக்கப் எடுத்ததும் அந்த வெளி டிரைவை அம்மாவின் லேப்டாப்பில் செருகுங்கள். ஏதாவது ஒரு புத்தகத்தின் கோப்பைத் திறந்து நடுவில் ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருள் அங்கே இல்லாவிட்டால் பிடிஎஃப், வேர்டு கோப்பு ஏதாவது திறக்கட்டும். வேறு கணினியில் திறந்து பார்த்த பேக்கப்பைத்தான் பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

கோப்புகள் மட்டும் போதாது. உங்கள் வேலையில் இருப்பவர்கள் மறந்துபோகிற சிலவற்றைச் சொல்கிறேன். நீங்களே சேர்த்த எழுத்துருக்கள், பக்க வார்ப்புருக்கள், பல வருடமாகச் சொல் சேர்த்து வளர்த்த பயனர் அகராதி, தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பு, வடிவமைப்பு மென்பொருளின் உரிம எண், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள். எழுத்துருக்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. லதா, விஜயா போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸ் 10 காலத்திலிருந்தே தானாக வருவதில்லை. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற கூடுதல் தொகுப்பில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள விண்டோஸ்மேல் மாறும்போது பொதுவாகப் பிரச்சினை வராது. புதிதாக அழித்து நிறுவினால் அவை காணாமல் போய், பழைய கோப்பைத் திறக்கும்போது வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய்ச் சேர்த்தால் திரும்பி வந்துவிடும். இது தெரியாமல் கோப்பே கெட்டுவிட்டது என்று அழுதவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு மேலும் ஒரு படி போகச் சொல்வேன். உங்களிடம் இருப்பது டெஸ்க்டாப் என்பதால் அது சுலபம். இன்னொரு எஸ்எஸ்டி வாங்குங்கள், 500 ஜிபி இருந்தால் நல்லது. 240 ஜிபி உங்கள் வேலைக்கு எப்படியும் நெருக்கடிதான். இப்போதுள்ள எஸ்எஸ்டியை அப்படியே அதில் குளோன் எடுங்கள், அதாவது விண்டோஸ் உட்பட முழு நகல். பழையதைக் கழற்றி, மேலே தேதி எழுதி, மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். புதியதை மாட்டி, கணினி வழக்கம்போல் எழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுங்கள். ஏதாவது கோளாறு வந்தால் பெட்டியைத் திறந்து கேபிளை மாற்ற 5 நிமிடம் ஆகும். விண்டோஸ் 10, ஸ்கேனர், எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கும். என் சொந்தக் கணினிகளுக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

விண்டோஸே திரும்பிப் போக ஒரு வழி வைத்திருக்கிறது. மாறிய 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ என்று போனால் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். பழையது ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற கோப்புறையில் இருக்கும். இடம் போதவில்லை என்று அதைச் சுத்தம் செய்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். 10 நாள் சீக்கிரம் ஓடிவிடும், அதிலும் கையில் வேலை இருந்தால் பதினோராவது நாள்தான் ஸ்கேனர் ஞாபகமே வரும். டிராயரில் இருக்கும் எஸ்எஸ்டிக்குத் தேதிக் கெடு கிடையாது.

ஸ்கேனர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்த முறை நிலைமை கொஞ்சம் வேறு. விண்டோஸ் 7-இன் உள் எண் 6.1, விண்டோஸ் 10-இன் உள் எண் 10.0. விண்டோஸ் 11-ஐ உள்ளே திறந்து பார்த்தால் அதற்கும் 10.0 என்றுதான் இருக்கும், அதற்குப் பின்னால் வரும் பில்டு எண்தான் பெரிது. அதனால் 64-பிட் விண்டோஸ் 10-இல் ஓடும் டிரைவர்களில் (கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலானவை 11-லும் அப்படியே ஓடுகின்றன. முன்பு தாண்டியது பெரிய பள்ளம், இது வாசற்படி. ஒரு விதிவிலக்கு ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி. அது இயங்கினால் சில பழைய டிரைவர்களை உள்ளே விடாது. விண்டோஸ் 10-லேயே விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ பக்கத்தில் அதை இயக்க முயன்று பாருங்கள். ஒத்துவராத டிரைவர் இருந்தால் பெயரைச் சொல்லிவிடும். ஸ்கேனர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவர் கோப்பை இப்போதே இறக்கி பேக்கப் டிரைவில் போட்டு வையுங்கள். பழைய மாதிரிகளின் பக்கங்கள் எப்போது வேண்டுமானாலும் தளத்திலிருந்து போய்விடலாம். தயாரிப்பாளர் கைவிட்ட ஸ்கேனர்களையும் ஓட்டும் வ்யூஸ்கேன் போன்ற தனி மென்பொருள்களும் இருக்கின்றன.

மாறும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனர், பிரின்டர், வெளி டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள். கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும்படி தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். முடிந்ததும் முதலில் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் கடைசியாக முடித்துக் கொடுத்த புத்தகத்தைத் திறந்து புதிதாக ஒரு பிடிஎஃப் எடுத்து, அன்று அனுப்பிய பிடிஎஃப்போடு ஒப்பிடுங்கள். மொத்தப் பக்க எண்ணிக்கை ஒன்றா, அங்கங்கே வரி முடியும் இடம் ஒன்றா என்று பாருங்கள். மெய்ப்பு பார்க்கும் கண் உங்களுக்கு இருக்கிறது, என்னைவிட வேகமாகப் பிடித்துவிடுவீர்கள். அது சரியாக இருந்தால் பெரிய கவலை தீர்ந்தது.

பழக்கத்தில் சில இடறும். டாஸ்க்பார் ஐகான்கள் நடுவில் வந்து நிற்கும், செட்டிங்ஸில் இடப்பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். ரைட் கிளிக் பட்டியல் சுருங்கியிருக்கும். வேர்டுபேட் இப்போது விண்டோஸ் 11-இல் இல்லை, அதில் குறிப்பு எழுதுபவராக இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இருந்த வேகம்தான் இருக்கும்.

புது இயங்குதளம் வந்த முதல் நாளே ஓடிப்போய் ஏற்றுவதற்கு நான் எப்போதும் எதிரி. 2018 அக்டோபர் தொடக்கத்தில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. சில நாளிலேயே அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13-ஆம் தேதிதான் மறுபடி வெளியிட்டார்கள். அன்று மாட்டியவர்கள் ஆர்வமாக முதல் வரிசையில் நின்றவர்கள். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5-இல். பொறுத்திருந்து பார்க்க வேண்டிய காலமெல்லாம் முடிந்துவிட்டது, அதனால்தான் உங்களை மாறச் சொல்கிறேன்.

அம்மாவின் லேப்டாப்புக்கு வருவோம். தம்பி சொல்லும் ‘தாண்டி ஏற்றும்’ வேலை உங்கள் டெஸ்க்டாப்புக்குத் தேவைப்படாது, அம்மாவின் லேப்டாப்புக்குக் கூடாது. நான்காம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. சோதனையை ஏமாற்றி ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காகத்தானே மாறுகிறோம்? நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் அது நின்றுபோனால் அம்மா என்ன செய்வார்?

அவருக்கு இந்த நீட்டிப்பு முடியும்வரை விண்டோஸ் 10 போதும். அதற்குள் இரண்டு வேலை. முதலாவது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். எந்தப் புது இயங்குதளமும் தராத வித்தியாசத்தை அந்த லேப்டாப்பில் அது தரும். இரண்டாவது, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் பழக்குங்கள். அதன் 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை திருத்தங்கள் வரும், 4 ஜிபி ராமில் ஓடும், பணம் கட்ட வேண்டியதில்லை. அம்மா உலாவி, வீடியோ அழைப்பு, புகைப்படம் என்ற அளவில் பயன்படுத்துபவராக இருந்தால் அது தாராளம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி அவர் முன்னால் வைத்துவிடாதீர்கள். வயதானவர்களுக்கு ஐகான் இடம் மாறினாலே வீட்டில் சாமான் இடம் மாறியது போல இருக்கும். இப்போது விண்டோஸிலேயே அவருக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் பழக்கிவிடுங்கள். அவர் போகும் நாலைந்து தளங்களை அதில் புக்மார்க் ஆக்கிவையுங்கள். சில மாதம் கழித்து மின்ட் வரும்போது அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே புக்மார்க் இருக்கும். அவருக்கு மாறுவது பின்னணிப் படம் அளவுக்குத்தான் தெரியும்.

மின்ட்டை நிறுவாமலேயே பார்க்கலாம். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் அது ஓடும். அப்போது வைஃபை சேர்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். கையோடு உங்கள் ஸ்கேனரையும் அதில் செருகிப் பாருங்கள். தயாரிப்பாளர் விண்டோஸுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திய பல பழைய ஸ்கேனர்கள் லினக்ஸில் டிரைவர் எதுவும் கேட்காமலே ஓடுகின்றன. உங்களுடையதும் ஓடினால், டெஸ்க்டாப்பில் ஏதாவது சிக்கல் வந்தாலும் அம்மாவின் லேப்டாப்பில் பக்கங்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனரின் மாதிரி எண்ணை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதற்கு எது ஒத்துவரும் என்று தேடிச் சொல்கிறேன்.